மூலத்தில் இல்லாத கதை

அடியே, உன் ஜெராக்ஸ் கட்டைப் பிரித்ததும் வசம்பு வாசம் மூக்கில் ஏறியது. பூச்சி வரக் கூடாதென்று பத்துப் பக்கத்துக்கு ஒரு துண்டு வைத்திருக்கிறாய். நீ போய் ஏழு மாதமாகிறது, அந்த வாசம் இன்னும் போகவில்லை. என் வீடு பிள்ளை பெற்ற வீடு மாதிரி மணக்கிறது. தும்மிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

நீ சமஸ்கிருதத்தில் வாசித்துச் சொல்ல, நான் தமிழில் எழுதிய நம் கதைப் புத்தகம் அச்சுக்குப் போகிறது. அந்த நல்ல செய்தியை உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். பதிப்பகத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்கள், ஒவ்வொரு கதைக்கும் மேலே மூலத்தின் பக்க எண்ணைப் போட்டுக் கொடுங்கள் என்று. எனக்கு அந்த எழுத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. உன் மகளை வரச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அதே எழுத்தில் இந்தி படித்தவள் என்பதால் ராஜா பெயரையும் மந்திரி பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். நம் நோட்டில் அதே பெயரைத் தேடிப் பிடித்து நான் எண்ணைப் போட்டேன். இரண்டு நாளில் இருபத்திரண்டு கதை முடிந்தது. இருபத்து மூன்றாவது கதையைக் கட்டு முழுக்கத் தேடினோம். இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசித்து முடித்த இடத்தில் பென்சிலால் தேதி போடுவாய் அல்லவா? இருபத்திரண்டாவது கதை முடிகிற வரியில் ஒரு தேதி இருக்கிறது. அடுத்த வரியிலேயே நம்முடைய இருபத்து நான்காவது கதை ஆரம்பிக்கிறது. நடுவில் ஒரு சனிக்கிழமைக்குப் பக்கமே இல்லை. ஆனால் என் நோட்டில், என் கையெழுத்தில், அந்தக் கதை ஆறு பக்கத்துக்கு இருக்கிறது. நீ சொல்லச் சொல்ல நான் எழுதியது.

உட்கார்ந்த இடத்தில் நீயே கட்டிச் சொல்லியிருக்கிறாய். ஏன் சொன்னாய் என்பது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. உனக்குத் தெரியவே தெரியாது என்று நாற்பது வருடமாக நான் நம்பிக்கொண்டிருந்த ஒன்று, அந்த ஆறு பக்கத்தில் அப்படியே இருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கிறது.

உன் மகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு இருந்தது வேறு கவலை.

"எடுத்துருவோம் பெரியம்மா" என்றாள். "இல்லாத கதைய இருக்குன்னு அம்மா சொல்லிட்டாங்கன்னு நாளைக்கு எவனாவது எழுதினா? அம்புட்டு வருசம் ஒழைச்சதும் பொய்யின்னு ஆயிரும்."

"பதிப்பகத்துல அந்தக் கதையத்தான் முதல்ல வைக்கணுங்குறாங்கத்தா. இருக்குறதுலயே அதுதான் நல்லாருக்காம்."

"அப்பப் பேசாம விட்டுருவோம். யாரு போயி சமஸ்கிருதத்துல பாக்கப்போறா?"

எடுத்தால் நீ எனக்கென்று சொன்னதை நானே கிழித்துப் போட்டதாகும். பேசாமல் விட்டால் வாசிப்பவர்களை ஏமாற்றியதாகும். உள்ளதைச் சொன்னால் உன் பேர் என்னாகும், என் பேர் என்னாகும்? ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று பதிப்பகத்தில் தவணை வாங்கியிருந்தேன். அந்த வாரம் முழுக்க ராத்திரி பகல் தெரியாமல், நீ சொன்ன ராஜாக்களோடும் உன்னோடும் சேர்ந்து எங்கெங்கோ அலைந்தேன்.

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண் நீ. மார்க் நிறைய வரும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கல்லூரியில் சமஸ்கிருதம் எடுத்தாய். "எங்கப்பா ஊர்ல போயி, எம்மக வேதம் படிக்குதுன்னு சொல்லிட்டுத் திரியுறாருடி. நான் இங்க ராமன் வந்தான், பழம் தின்னான்னு எழுதிக்கிட்டு இருக்கேன்" என்று விடுதியில் எங்களைச் சிரிக்க வைப்பாய். மார்க்குக்காக எடுத்தவள் அதிலேயே விழுந்துவிட்டாய். அதை வைத்துக்கொண்டு சோறு தின்ன முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அதன்படியே நடந்தது. ஒத்தக்கடைப் பக்கம் வந்த புதுக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாய். தற்காலிக வேலை. இருபது வருடமும் தற்காலிகம்தான்.

அங்கேதான் அந்தப் புத்தகம் உனக்குக் கிடைத்தது. யாரோ ஒரு வக்கீல் வீட்டார் கொண்டுவந்து தள்ளிய பழைய பெட்டிக்குள் அட்டை போய்க் கிடந்தது. நீ போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "ஏ புள்ள, பிரபந்தம்டி!"

"பிரபந்தம்னா பெருமாள் கோயில்ல பாடுறதுதான?"

"போடி வேதக்காரி. இது சமண வாத்தியார்க எழுதுனது. எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முன்னாடி, குஜராத் பக்கம். பூராம் மனுசங்க கதைடி. ராஜா, மந்திரி, செட்டியாரு, கவிராயரு, சாமியாரு... யாரு என்ன பேசினா, எங்க ஏமாந்தா, எதுல புத்தி வந்துச்சு, அம்புட்டும் இருக்கு."

கிறிஸ்தவப் பெண் என்பதால் நான் உனக்கு வேதக்காரி. அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் மிஷன் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள், அதட்டுவதற்கு ஆளில்லாமல் வண்டியூரில் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொல்ல நான் எழுத, தமிழில் கொண்டுவந்துவிடலாம் என்றாய். உன் வீட்டில் டிவி சத்தம், என் வீட்டில் என் தம்பி பிள்ளைகள் சத்தம். அதனால் சனிக்கிழமை சனிக்கிழமை யானைமலை அடிவாரம் என்று முடிவானது. நான் தெப்பக்குளத்தில் பஸ் ஏறி வருவேன். நீ தூக்குவாளியும் ஜெராக்ஸ் கட்டுமாக ஒத்தக்கடை நிறுத்தத்தில் நிற்பாய். நரசிங்கம் போகிற வழியில் நடந்து, பாறை நிழல் விழும் இடத்தில் தார்ப்பாயை விரிப்போம்.

"மேல சமணச் சாமியாருக படுத்திருந்த எடம்டி. இவுக கதைய இங்க ஒக்காந்து படிச்சா அவுகளுக்கும் கேக்கும்ல" என்றாய்.

"அவுக வேற, இவுக வேறடி. மேல இருந்தவுக துணியே உடுத்தாதவுக. ஒன் குஜராத்துக்காரவுக வெள்ள வேட்டி. குஜராத்துக்கும் ஒத்தக்கடைக்கும் என்ன சம்பந்தம்?"

"துணிய விட்டுத் தள்ளு. கத கேக்கக் காது இருந்துச்சுல்ல?"

உன்னிடம் பேசி ஜெயிக்க முடியுமா? கற்கள் அத்தனையும் சூடேறிக் கிடக்கும், நாம் இருக்கும் நிழல் மட்டும் ஈரத்துணி மாதிரி குளிர்ந்திருக்கும். நீ ஒரு பத்தியை மூன்று தரம் உரக்க வாசிப்பாய். எனக்கு அர்த்தம் புரியாது, ஆனாலும் கேட்கக் கேட்கக் கண் சொருகும். பிறகு ஜெராக்ஸ் கட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டுதான் தமிழில் சொல்வாய். அது நீ வைத்த சட்டம். "எழுத்தப் பாத்துக்கிட்டே சொன்னா தமிழு நொண்டும்டி. மூடிட்டாத்தான் கத நடக்கும்." நீ மதுரைத் தமிழில் சொல்வாய், நான் அதை அச்சுத் தமிழாக்கி நோட்டில் இறக்குவேன். ராஜாவை நீ "அந்தாளு" என்பாய், நான் "அரசர்" என்று எழுதுவேன்.

அந்த ஆறு வருடமும் நாம் மதுரையில்தான் இருந்தோமா என்று எனக்கே சில நேரம் சந்தேகம் வரும். எறும்பு வரிசை கடந்து முடியும்வரை யானையை நிறுத்திவைத்துக் காத்திருந்த ராஜாவின் கதையை எழுதிய அன்று, திரும்பும்போது மேலூர் ரோட்டில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது, முன்னால் ஆடுகள் சாவகாசமாகக் கடந்தன. "இந்தா, ராஜா வந்துட்டாரு" என்றாய். டீக்கடை பெஞ்சில் குல்லாய் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், வாதத்தில் தோற்று ஜெயித்தவனுக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டு, 'குளிர்கிறது, திருப்பிக் கொடு' என்று கேட்ட அந்தக் கவிராயரேதான் என்று சத்தியம் செய்தாய். நம் கதையிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி ஒத்தக்கடைப் புழுதிக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் யார் என்று அடையாளம் பார்த்துக்கொண்டே நான் வீடு வந்து சேர்வேன். இப்போதும் அந்த ரோட்டில் போகும்போது பார்க்கிறேன். நீ இல்லாமல் எனக்கு ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை.

ஒரு கதையில் ஒரு ராஜாவும் ஒரு துறவியும் ராத்திரி பூராவும் பேசுகிறார்கள். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் இரண்டு பேருக்கும் நடுவில் நூறு வருடம். அடுத்த வாரம் பேனாவையே எடுக்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டேன். ஒருவர் செத்த பிறகு பிறந்தவரோடு எப்படியடி பேசுவார்? நீ நிதானமாக முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாய். "அவுக ரெண்டு பேரும் பேசியிருந்தா நல்லாருக்குமேன்னு எவனோ ஒருத்தன் ஆசப்பட்டிருக்கான். ஆசப்பட்டத எழுதிப்புட்டான். ஒனக்கு எங்க வலிக்குது?"

எனக்கு எங்கே வலிக்கும் என்று உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

இப்போது அதைச் சொல்கிறேன். நமக்கு இருபத்து நான்கு வயது. பி.எட். முடித்து, ஒரே பள்ளிக்கூடத்தில் லீவு போட்ட டீச்சர்களுக்குப் பதிலாக வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். நீ எனக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்தவள். ஒரு நிரந்தர இடம் காலியானது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலைமையாசிரியை சிஸ்டர் என்னை வராந்தாவில் நிறுத்திக் கேட்டார்.

"அவளுக்குத்தான் மொத உரிமை. ஆனா இருப்பாளா? கல்யாணம் கட்டிக்கிட்டுப் பாதி வருசத்துல போயிட்டா பிள்ளைகளுக்குல்ல கஷ்டம்?"

"பேசி முடிச்சிட்டாங்க சிஸ்டர். திருப்பூர் மாப்பிள்ளை."

வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. திருப்பூர்க்காரர்கள் வந்தது உண்மை. கேசரியைத் தின்றுவிட்டு, போய்க் கடுதாசி போடுகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். அதை என்னிடம் சொல்லி நீ சிரித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. சிஸ்டர் தலையாட்டினார். அடுத்த திங்கட்கிழமை ஆர்டர் என் கையில். நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒனக்குக் கெடச்சா எனக்குக் கெடச்ச மாதிரிதான்டி" என்றாய். நானும் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே பாவத்தை ஒப்புக்கொள்ள, கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கூண்டுக்குள்ளிருந்த சாமியார், "அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்லு, மூன்று அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு" என்றார். மூன்றையும் முழங்காலில் நின்று சொன்னேன். மற்றதைச் செய்யவில்லை. அடுத்த வாரம் செய்யலாம், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் செய்யலாம், உனக்கு நல்ல இடம் அமைந்ததும் செய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். மூன்று வருடம் கழித்து நீ ஒத்தக்கடைக்கே வாக்கப்பட்டுப் போனாய். பிறகு இத்தனை வருடத்துக்கு அப்புறம் என்னத்தைக் கிளறுவது என்று விட்டுவிட்டேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

இனி அந்தச் சனிக்கிழமை. மார்கழி என்று நினைவு. வெயில் மஞ்சளாக, உறுத்தாமல் இருந்தது. குரங்குகள்கூடக் கத்தாமல் பாறைமேல் படுத்திருந்தன. நீ வழக்கம்போல மூன்று தரம் வாசித்தாய். என்ன வாசித்தாயோ, முன் வாரத்துப் பக்கத்தையே திரும்ப வாசித்திருப்பாய், எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஜெராக்ஸ் கட்டை மூடவில்லை. விரல் வரிமேல் நகர நகர, பார்த்துப் பார்த்துச் சொன்னாய். உன் சட்டத்தை நீயே மீறுகிறாயே என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு பட்டணத்தில் மந்திரி ஒருவர் புத்தகசாலை கட்டினார். ஏடு எழுத ஓர் ஆள் வேண்டும். ஒரே குருவிடம் படித்த இரண்டு எழுத்தர்கள் இருந்தார்கள். மந்திரி இளையவனைக் கூப்பிட்டு, "உன் கூட்டாளி கை நல்ல கை என்கிறார்களே?" என்று கேட்டார். "கை நல்ல கைதான் ஐயா. கண்தான் மங்கி வருகிறது" என்றான் இளையவன். வேலை அவனுக்குப் போனது. மூத்தவனுக்குக் கழுகுக் கண். அவன் சந்தையில் உட்கார்ந்து ஊராருக்கு ஓலை எழுதிப் பிழைத்தான். பல காலம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் அவனுக்கு விஷயம் தெரிந்தது.

சமணர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் உண்டு, அன்று உபவாசமிருந்து ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பார்கள் என்று நீ நடுவில் எனக்கு விளக்கிச் சொன்னாய். தெரிந்தவர், தெரியாதவர், வேலைக்காரர், எதிரி, எல்லோரிடமும் கேட்பார்களாம். இளையவனும் ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு போவான். மூத்தவன் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போய்விடுவான். மூத்தவன் மறுநாள் காலையில் உபவாசத்தை முடிக்காமல், இன்றைக்காவது வருவான், சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருப்பான். பொழுது சாய்ந்துவிடும். பொழுது சாய்ந்தால் அவர்கள் சாப்பிடக் கூடாது. அந்த ராத்திரியும் பட்டினி. இப்படி இருபத்தைந்து வருடம். எல்லோரும் ஒரு நாள் உபவாசமிருக்க இவன் இரண்டு நாள் இருக்கிறானே என்று ஊரே அவனைப் பெரிய தவசி என்று கும்பிட்டது. "நான் தவமெல்லாம் இருக்கவில்லை. ஓர் ஆளுக்காகக் காத்திருக்கிறேன்" என்பான்.

என் பேனா நின்றது. நீ பார்க்கவில்லை என்று நினைத்தேன். எந்தக் காலத்துச் சமண வாத்தியார், என் கதை இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நோட்டையே பார்த்தேன். ஊரில் நடப்பதுதானே, எனக்கு மட்டுமா நடந்தது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு எழுதினேன்.

இருபத்தைந்தாவது வருடம் மூத்தவனுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது. காத்திருக்கவில்லை. பொழுது சாய நேரமிருக்கும்போதே கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு இளையவன் வீட்டுக்கு நடந்தான். கதவைத் திறந்தவனிடம் சொன்னான், "நீ கேட்க வேண்டாம். எனக்குப் பசிக்கிறது. பொழுது சாய்வதற்குள் சாப்பிடுவோம்."

"அம்புட்டுத்தான்" என்று நிறுத்தினாய்.

"அம்புட்டுத்தானா? சின்னவன் கேட்டானா இல்லையா?"

"அது இதுல இல்ல. நீ என்ன நெனைக்கிற?"

"என்னத்த நெனைக்க? ஒன் சமண வாத்தியாருக்குக் கதைய முடிக்கத் தெரியல. பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு" என்று டீச்சர் குரலில் தீர்ப்புச் சொன்னேன்.

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாய். பிறகு தூக்குவாளியைத் திறந்து, எலுமிச்சைச் சோற்றை இரண்டு தட்டில் போட்டாய்.

"எனக்குப் பசிக்குதுடி. சாப்புடுவோம்."

நான் தட்டை வாங்கிக்கொண்டு, "ஊறுகா எங்கடி?" என்று கேட்டேன்.

பாவி மகள் நான். அதைத்தான் கேட்டேன். நீயும் உருளைக்கிழங்குப் பொரியலைத் தள்ளிவைத்து, "மறந்துட்டேன், இத வச்சுத் தின்னு" என்றாய். காற்று மலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம், தட்டைக் கழுவினோம், பஸ் ஏறினோம். அதற்கப்புறமும் இரண்டு வருடம் என்னோடு சனிக்கிழமை சனிக்கிழமை வந்தாய். ஒரு வார்த்தை, ஒரு ஜாடை கிடையாது.

இதையெல்லாம் அந்த வாரம் முழுக்க மனதில் போட்டு உருட்டினேன். கடைசியில் உன் மகளை வரச் சொல்லி, "முன்னுரையில எழுதிருவோம்" என்றேன்.

"என்னன்னு பெரியம்மா?"

"இந்தக் கத மூலத்துல இல்ல, உங்கம்மா சொன்னதுன்னு. ஏன் சொன்னாங்கன்னும் எழுதணும்ல." அப்படியே சிஸ்டர், வராந்தா, திருப்பூர் மாப்பிள்ளை, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவள் கையிலிருந்த தாள்களை ஒழுங்குபடுத்தினாள். ஏற்கெனவே ஒழுங்காயிருந்த தாள்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும். பஸ்ல ஒரு வயசான சிஸ்டர் அம்மாவப் பாத்துட்டு, நீ திருப்பூர்ல கட்டிக்கிட்டுப் போறதா ஒன் சிநேகிதி சொன்னாளே, இங்கயா இருக்கன்னு கேட்டாங்க. அம்மா சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து எனக்குத் தல சீவி விட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவுத்துட்டுத் திரும்பவும் சீவி விட்டாங்க."

அவளுக்கு முப்பத்தைந்து வயதாகிறது. விரல் விட்டு எண்ணினேன். நீ கதை சொன்ன அன்றைக்கு, உனக்கு விஷயம் தெரிந்து சரியாக இருபத்தைந்து வருடம்.

"அம்மா கடைசி வரைக்கும் தற்காலிகமாவே இருந்துட்டுப் போனாங்க பெரியம்மா" என்றாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. "நான் வாரேன்" என்று எழுந்து போய்விட்டாள். ஒன்பது நாள் போன் இல்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை. நீ போனபோதுகூட நான் இப்படித் தனியாக இருக்கவில்லை.

அந்த ஒன்பது நாளில் முன்னுரையை எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். நீண்டதாக ஒன்றும் இல்லை. இருபத்து மூன்றாவது கதை மூலத்தில் கிடையாது, என் தோழி எனக்கென்று சொன்னது, அதில் வருகிற பொய்யைச் சொன்னவள் நான், அவள் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறேன். கதையை அதன் இடத்திலேயே விடச் சொன்னேன். ஆசைப்பட்டதை எழுதிச் சேர்த்தவர்கள்தானே அந்தச் சமண ஆசிரியர்களும், அவர்கள் பக்கத்தில் நீ இருப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவர்கள் வாசிப்பார்கள், கோயிலில் என் பக்கத்துப் பெஞ்சுக்காரிகள் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. பஸ் ஏறி ஒத்தக்கடைக்குப் போனேன். நிறுத்தத்தில் இறங்கி உன் வீட்டுக்கு நடக்கையில், சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். உன் மகள் கதவைத் திறந்ததும் அத்தனையும் போய்விட்டது. அப்படியே உன் கண் அவளுக்கு.

"அன்னைக்கு நான் சிஸ்டர்கிட்ட பொய் சொன்னேன்த்தா. உங்கம்மாவுக்கு வர வேண்டியத நான் எடுத்துக்கிட்டேன். அவகிட்ட மன்னிப்புக் கேக்காமயே அவளை அனுப்பிட்டேன். ஒங்கிட்டக் கேக்குறேன். என்னைய மன்னிச்சிரு" என்றேன். அறுபத்து நான்கு வயதில், வாசலில் செருப்புக் காலோடு நின்று, தெருவே பார்க்க அழுதேன்.

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியது.

"இத அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாம்ல பெரியம்மா?" என்றாள். "ஒரே ஒரு தடவ. அம்மா எம்புட்டுச் சந்தோசப்பட்டிருப்பாங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும், கோபமாக இருந்திருக்கும் என்றெல்லாம் நாற்பது வருடம் நினைத்துப் பார்த்து ஒளிந்துகொண்டிருந்தவள் நான். நான் கேட்டிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லையடி. அந்தச் சந்தோஷம் உனக்குச் சேர வேண்டியது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை.